சராசரியில் வாழாத உயிர்கள்

1908இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் முதுகெலும்பு உயிரினங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல். அவரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் மலை, பாலை, கடற்கரை எங்கும் அலைந்தார்கள். எந்த இடத்தில் எந்தப் பறவை கூவியது, எந்தப் பொறியில் எந்த எலி விழுந்தது என்று ஒன்று விடாமல் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். இந்தக் குறிப்புகளின் உண்மையான பயன் நூறாண்டு கழித்து வரப்போகும் மாணவருக்கே கிடைக்கும் என்று 1910இலேயே கிரின்னல் எழுதினார்.

அந்த மாணவர்கள் வந்தார்கள். பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, கிரின்னல் குழு நின்ற அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று கணக்கெடுத்தார்கள். மொஹாவி பாலைவனத்தில் 61 இடங்களை ஆராய்ந்த கெல்லி இக்னாயனும் ஸ்டீவன் பெய்சிங்கரும் 2018இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஓரிடத்தில் முன்பு பதிவான பறவையினங்களில் சராசரியாக 43 விழுக்காடு இப்போது அங்கே இல்லை. கணக்கில் கொண்ட 135 இனங்களில் 39 தெளிவாகக் குறைந்திருந்தன. தெளிவாகக் கூடியிருந்தது ஒன்றே ஒன்று, ரேவன் எனப்படும் பெரிய காக்கை. அந்த நூறாண்டில் பாலைவனம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் சூடேறியிருந்தது, மழையும் குறைந்திருந்தது.

பறவைகளுக்கே இந்தக் கதி என்றால் எலிகள் என்ன ஆகியிருக்கும்? எரிக் ரிடெல் தலைமையிலான குழு 2021இல் தந்த விடை எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. அதே மொஹாவியில் சிறு பாலூட்டிகளில் பெரும்பாலானவை நூறாண்டுக்கு முன் இருந்த இடங்களிலேயே இருந்தன. பாலைவனம் ஒன்று, சூடேற்றமும் ஒன்று. பறவைக் கூட்டம் சரிந்தது, எலிக் கூட்டம் நிலைத்தது.

உயிரினங்கள் எங்கே வாழலாம் என்பதைத் தட்பவெப்பம் தீர்மானிக்கிறது என்பது பள்ளிப் பாடம். பனிக்கரடி துருவத்தில், ஒட்டகம் பாலையில் என்று படம் போட்டே கற்றுக்கொள்கிறோம். உலக வரைபடத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக் கோடுகளை வரைந்து, ஓர் இனம் எந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது என்று பார்ப்பதும் நெடுநாள் வழக்கம். மொஹாவியின் முடிவு அந்த வழக்கத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்குகிறது. சராசரி வெப்பநிலையில் எந்த உயிரும் வாழ்வதில்லை. அது வாழ்வது ஒரு நண்பகலில், ஒரு வளைக்குள், ஓர் உறைபனி இரவில். எல்லையை இடுவது அந்த நேரத்தின் வெப்பமும் அதை எதிர்கொள்ளும் உடலின் வரவுசெலவும் சேர்ந்துதான்.

நீர்க்கணக்கு

பறவையின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. அது 45, 46 டிகிரியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. சுற்றியுள்ள காற்று உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியேறும். காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால் எஞ்சியிருப்பது ஒரே வழி: நீரை ஆவியாக்குவது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. பெரும்பாலான பறவைகள் அலகைத் திறந்து மூச்சிரைக்கின்றன. மூச்சிரைப்பதும் உழைப்புதான் என்பதால் அதுவே மேலும் கொஞ்சம் வெப்பத்தை உண்டாக்குகிறது. புறாக்கள் தோல் வழியாகவே நிறைய நீரை ஆவியாக்க வல்லவை. எந்த வழியானாலும் செலவாவது நீர். பாலைவனத்தில் அந்தச் செலவை எதைக்கொண்டு ஈடுகட்டுவது?

ரிடெலும் பெய்சிங்கரும் மற்றவர்களும் 2019இல் இந்தக் கேள்வியைக் கணக்காகவே போட்டார்கள். 50 பாலைவனப் பறவையினங்களின் உடல் அளவு, இறகின் தன்மை, வெயிலை உறிஞ்சும் அளவு ஆகியவற்றைக் கணினி மாதிரியில் இட்டு, உடலைக் குளிர்விக்க நூறாண்டுக்கு முன் எவ்வளவு நீர் தேவைப்பட்டது, இன்று எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்தார்கள். நீர்த்தேவை எந்த இனங்களுக்கு மிகுதியாகக் கூடியிருந்ததோ அவையே மிகுதியாகக் குறைந்திருந்தன. உடல் பெரிதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், அதிலும் பூச்சியையோ பிற விலங்குகளையோ தின்னும் இனங்களுக்கு. இவற்றுக்கு நீர் பெரும்பாலும் இரையிலிருந்தே வருகிறது. கூடுதல் நீர் வேண்டுமென்றால் கூடுதல் இரை பிடிக்க வேண்டும். அதற்கு வெயிலில் கூடுதல் நேரம் பறக்க வேண்டும். பறந்தால் உடல் மேலும் சூடாகும். குறைந்துபோன 39 இனங்களில் அமெரிக்கக் கெஸ்ட்ரல், பிரேரி வல்லூறு, டர்க்கி வல்ச்சர் எனப்படும் பிணந்தின்னிக் கழுகு ஆகியவை இருப்பது தற்செயல் அல்ல.

இங்கே ஒரு முரண் தோன்றலாம். சில நாள் வீசும் கடும் வெப்ப அலையில் முதலில் மடிவது சிறு பறவைகள்தான். 2009 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பட்ஜெரிகர் கிளிகளும் வரிக்குருவிகளும் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. சிற்றுடலில் நீர்ச் சேமிப்பு குறைவு. சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஆனால் பத்தாண்டுக் கணக்கில் நீளும் நீர்ப் பற்றாக்குறையில் நாளொன்றுக்கு அதிக நீர் கேட்கும் பேருடல்தான் பாதிக்கப்படுகிறது. ஆபத்து எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைப் பொறுத்து, எந்த உடல் தோற்கும் என்பதும் மாறுகிறது.

இனி எலியின் பக்கம். மொஹாவியின் கங்காரு எலி நீர் குடிக்காமலே வாழ்நாளைக் கழிக்கக்கூடியது. 1940களில் அரிசோனா பாலைவனத்தில் இதை ஆராய்ந்தவர்கள் நட் ஷ்மிட்-நீல்சன், போடில் ஷ்மிட்-நீல்சன் தம்பதியர். காய்ந்த விதையை எலியின் உடல் எரிக்கும்போது அந்த வேதிவினையிலேயே நீர் பிறக்கிறது: 100 கிராம் மாவுச்சத்திலிருந்து ஏறத்தாழ 55 கிராம், 100 கிராம் கொழுப்பிலிருந்து ஏறத்தாழ 107 கிராம். இந்தச் சொற்ப வரவு போதுமானதாக இருப்பதற்குக் காரணம் செலவு அதைவிடச் சொற்பமாக இருப்பது. அதன் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவான சிறுநீரைப் பிரிக்கிறது. மூச்சு வெளியேறும்போது குளிர்ந்த மூக்குத் துளையிலேயே ஈரம் படிந்து உடலுக்குத் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பகல் முழுவதும் அது வளைக்குள் இருக்கிறது. மண்ணுக்கு மேலே கல் கொதிக்கும் நண்பகலில் வளைக்குள் குளிர்ச்சியும் ஈரமும் நிலைத்திருக்கும். ஆக, வானிலை நிலையம் பதிவுசெய்த 2 டிகிரிச் சூடேற்றம் எலியின் உடலை முழுதாக எட்டவே இல்லை. பறவை அதை முழுதாக ஏற்றுக்கொண்டது.

நிலையம் அளக்காத வெப்பம்

வானிலை நிலையத்தின் வெப்பமானி வெள்ளையடித்த, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள், ஆள் உயரத்தில், நிழலில் இருக்கிறது. வெயிலில் காயும் பாறைமேல் வயிறு பட அமர்ந்திருக்கும் ஓணானின் உலகம் வேறு. அதன் உடலுக்குள் வெப்பம் நேர் வெயிலிலிருந்தும், பாறையிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வருகிறது. காற்று வீசினால் குறைகிறது. தோலின் நிறம் கறுத்தால் கூடுகிறது. இந்த எல்லா வழிகளையும் சமன்பாடுகளாக எழுதி, ஒரு விலங்கின் உடல் எந்தெந்தச் சூழல் சேர்க்கைகளில் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட முடியும் என 1969இல் வாரன் போர்ட்டரும் டேவிட் கேட்ஸும் காட்டினார்கள். உயிரினப் பரவல் ஆய்வில் இயற்பியல் உள்ளே நுழைந்த இடம் அது.

அதற்கு முன்பே, 1944இல், ரேமண்ட் கௌல்ஸும் சார்ல்ஸ் போகெர்ட்டும் பாலைவன ஊர்வன குறித்த பழைய எண்ணம் ஒன்றை மாற்றியிருந்தார்கள். சூழல் வெப்பத்தைச் சார்ந்து வாழும் ஓணான் சூழலின் கைப்பாவை அல்ல. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய், உடல் வெப்பத்தைக் குறுகிய வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது. இடமாற்றமே அதன் குளிர்சாதனம். அப்படியென்றால் சூடேறும் உலகில் ஓணானுக்கு என்ன கவலை? நிழலில் கூடுதல் நேரம் இருந்துவிட்டால் போயிற்று.

கவலை அங்கேதான் இருக்கிறது. பேரி சினெர்வோவும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மெக்சிகோவின் 200 இடங்களில் செலோபோரஸ் பேரினத்து ஓணான்களின் 48 இனங்களைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். 1975க்குப் பின் 12 விழுக்காடு இடங்களில் அவை அற்றுப்போயிருந்தன. ஓணான் அளவில் செய்த மாதிரி உருவங்களுக்குள் வெப்பமானி பொருத்தி யுகாடான் பகுதியில் வைத்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. ஓணான்கள் வெயிலில் வெந்து சாகவில்லை. இனப்பெருக்கக் காலமான வசந்தத்தில், வெளியே வர முடியாத அளவு சூடான மணி நேரங்கள் கூடிவிட்டன. அந்த நேரம் முழுவதும் நிழலில் பதுங்கினால் உயிர் தப்பும். ஆனால் இரை கிடைக்காது. சினையான பெண் ஓணானுக்குத் தேவையான உணவு சேராது. குட்டிகள் குறையும். சில தலைமுறையில் அந்த இடம் வெறிச்சோடும்.

இறப்பு வெப்பநிலையை மட்டும் அளந்திருந்தால் இந்த அழிவு பிடிபட்டிருக்காது. எந்த நாளும் அந்த உச்சத்தைத் தொடவில்லை. இங்கே எல்லையை வரைந்தது நேரக்கணக்கு: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே நடமாட முடியும், அதுவும் ஆண்டின் எந்த மாதத்தில் என்ற கணக்கு.

ஒரே ஓர் இரவு

குளிரின் எல்லை பெரும்பாலும் வேறு விதமாக இயங்குகிறது. அங்கே மணி நேரங்கள் மெல்லச் சேர்வதில்லை. ஒரே இரவு போதும்.

அரிசோனாவின் சவாரோ கள்ளி பல மனித உயரத்துக்கு வளர்ந்து, கிளைக் கைகளை உயர்த்தி நிற்கும் மரம் போன்ற கள்ளி. டூசான் நகரை ஒட்டி 1903இல் கார்னகி நிறுவனம் அமைத்த பாலைவன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபாரஸ்ட் ஷ்ரீவ், இந்தக் கள்ளி வடக்கே ஏன் ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது என்று ஆராய்ந்தார். 1911இல் அவர் தந்த விடை எளிமையானது. இரவில் நீர் உறைந்தாலும், மறுநாள் காலை வெயில் வந்து பனி உருகிவிட்டால் சவாரோ பிழைத்துக்கொள்ளும். இடையில் உருகாமல் ஒரு பகலும் கடந்து உறைநிலை நீடித்தால் திசுக்கள் அழிந்துவிடும். ஆண்டுச் சராசரி வெப்பம் எவ்வளவு என்பது அதற்குப் பொருட்டே அல்ல. வடக்கு எல்லையை நெருங்க நெருங்க, வெயில் அதிகம் படும் தெற்குச் சரிவுகளில் மட்டும் சவாரோவைக் காண்கிறோம் என்றால் காரணம் அதுதான்.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. பருத்த முதிர் கள்ளி தன் உடலில் தேக்கிய நீரால் வெப்பத்தை நெடுநேரம் காக்கும். விரல் அளவுக் கன்றுக்கு அந்த வசதி இல்லை. பாலோ வெர்டே போன்ற மரங்களின் அடியில் முளைத்த கன்றுகளே பெரும்பாலும் பிழைக்கின்றன. மேலே விரிந்த கிளை, இரவில் நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் பறிபோகாமல் தடுக்கிறது. எனவே இந்தக் கள்ளியின் எல்லை முதிர்ந்த கள்ளியின் தாங்குதிறனால் அமைவதன்று. கன்றின் தாங்குதிறனாலும் அதற்குக் குடைபிடிக்கும் மரத்தாலும் அமைவது.

நீருக்குள் மூச்சு

வாழ்வின் பருவத்துக்குப் பருவம் மாறும் இந்த வலுவின்மை மீன்களில் இன்னும் தெளிவு. 2020இல் ஃப்ளெமிங் டால்கேயும் ஹான்ஸ்-ஓட்டோ பொர்ட்னரும் மற்றவர்களும் கிட்டத்தட்ட 700 மீனினங்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முட்டையிடும் பருவத்து மீனும் முட்டைக்குள் வளரும் கருவும் தாங்கும் வெப்ப வரம்பு, மற்றப் பருவ மீன்கள் தாங்குவதைவிட மிகக் குறுகலாக இருந்தது. நடுத்தர வயது மீன் நீந்திக் களிக்கும் நீரில் அதன் கரு மூச்சுத்திணறிச் சாகலாம். ஓரிடத்தில் மீன் இருக்கிறது என்பதற்காக அங்கே அது வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது.

மூச்சுத்திணறல் என்பது இங்கே அணிக்காகச் சொன்னது அன்று. 0 டிகிரி நன்னீர் ஒரு லிட்டரில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துவைக்கும்; 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. வடகடலின் வாடன் கடற்பகுதியில் ஈல்பவுட் என்ற மீனை ஆராய்ந்த பொர்ட்னரும் ரைனர் க்னுஸ்ட்டும், கோடை சூடான ஆண்டுகளை ஒட்டி அதன் எண்ணிக்கை குறைவதை 2007இல் காட்டினார்கள். குருதி ஓட்டம் ஆக்சிஜன் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும் வெப்பநிலையோடு அது பொருந்தியது. இந்த ஆக்சிஜன் விளக்கம் எல்லா நீர்வாழ் உயிர்களுக்கும் பொருந்துமா என்பதில் உடலியங்கியலாளர்களிடையே கடும் விவாதம் நடக்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறை சில இனங்களில் முதன்மைக் காரணம், சிலவற்றில் அல்ல என்பதே இதுவரை தெரிவது.

குளிர்ந்த நீரின் ஆக்சிஜன் வளத்தை முழுதாகச் சார்ந்துவிட்ட மீன்களும் உண்டு. தென்துருவக் கடலின் பனிமீன்களுடைய குருதியில் சிவப்பணுக்களும் ஹீமோகுளோபினும் இல்லை, குருதி நிறமற்றது. நார்வே நாட்டு உயிரியலாளர் யோஹான் ரூட் 1954இல் இதை அறிவியல் உலகுக்கு உறுதிசெய்தார். கடல்நீர் உறையும் -1.9 டிகிரி அளவிலான நீரில் ஆக்சிஜன் போதிய அளவு கரைந்திருப்பதால், பெரிய இதயமும் மிகுந்த குருதியும் கொண்டு, வெறும் குருதிநீரில் கரைந்த ஆக்சிஜனோடே இவை காலம் தள்ளுகின்றன. அவற்றின் உறவினரான ட்ரெமடோமஸ் மீன்கள் உறைதடுப்பு மூலக்கூறுகளைக் குருதியில் சுமந்து உறையாமல் வாழ்கின்றன. இந்த மீன்கள் 6 டிகிரி அளவிலேயே இறந்துவிடுவதை ஜார்ஜ் சோமெரோவும் ஆர்தர் டிவ்ரீஸும் 1967இல் கண்டார்கள். நமக்குக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பம் அவற்றுக்குக் கொல்லும் சூடு. மாறாத குளிரில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த உடல், மாற்றத்தைத் தாங்கும் கருவிகளை வைத்திருக்கவில்லை.

வெப்பமண்டலத்தின் குறுகிய இடைவெளி

மாறாத சூழல் உடலின் தாங்குதிறனைக் குறுக்குகிறது என்ற இந்தச் செய்தி துருவத்தோடு நிற்பதல்ல. வெப்பமண்டலத்தின் வெப்பமும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. டேனியல் ஜான்சன் 1967இல் எழுதிய கட்டுரையின் வாதம் இதிலிருந்து பிறந்தது. மிதவெப்ப நாட்டு மலையில், கோடையில் உச்சியில் உள்ள வெப்பமும் குளிர்காலத்தில் அடிவாரத்தில் உள்ள வெப்பமும் ஒன்றோடொன்று மேவுகின்றன. அங்குள்ள அடிவார உயிர் உச்சியின் குளிரை ஏற்கெனவே தன் குளிர்காலத்தில் பழகியிருக்கும். கணவாயைக் கடப்பது அதற்கு எளிது. வெப்பமண்டல மலையிலோ அடிவாரமும் உச்சியும் ஆண்டு முழுவதும் வெவ்வேறு வெப்பப் பட்டைகளாகவே நிற்கின்றன. உயரம் ஒன்றாக இருந்தாலும், வெப்பமண்டல உயிரின் உடலுக்கு அந்த மலை உயர்ந்த தடை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகள் இதற்கு நல்ல சான்று. சோலைக்காடுகளின் அடித்தளத்தில் திரியும் சோலைக்கிளி என்ற சிறு பறவையினம் நீலகிரியில் ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வேறொன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் மூன்றாவது என்று பிரிந்திருக்கிறது. வி.வி. ராபினும் மற்றவர்களும் 2017இல் இவற்றை வேறெங்கும் இல்லாத தனிப் பேரினமாக வகைப்படுத்தினார்கள். பறந்து கடக்கக்கூடிய தொலைவுதான். ஆனால் குளிர்ந்த, ஈரமான உயர்காட்டுக்குப் பழகிய உயிருக்குக் கீழே விரியும் சூடான கணவாய் கடலுக்கு ஒப்பானது.

இந்தக் குறுகல் சூடேறும் உலகில் என்ன பொருள் தருகிறது? கர்டிஸ் டாய்ச்சும் ரேமண்ட் ஹூயியும் மற்றவர்களும் 2008இல் பூச்சிகளின் வெப்பத் தாங்குதிறனை உலக அளவில் ஒப்பிட்டார்கள். சூடேற்றம் துருவங்களை நோக்கிப் போகப் போக அதிகம். ஆனால் ஆபத்து வெப்பமண்டலத்தில்தான் அதிகம். வடநாட்டுப் பூச்சி தன் உடலுக்கு உகந்த வெப்பத்தைவிடக் குளிர்ந்த இடத்தில் வாழ்கிறது. கொஞ்சம் சூடானால் அதற்கு நல்லதே. வெப்பமண்டலப் பூச்சி ஏற்கெனவே உகந்த வெப்பத்தின் விளிம்பில் இருக்கிறது. கொஞ்சம் கூடினாலும் இறங்குமுகம். இன்னும் ஒரு சிக்கல்: குளிரைத் தாங்கும் திறன் இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் வெகுவாக மாறியிருக்கிறது, வெப்பத்தைத் தாங்கும் உச்சமோ உலகெங்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தேங்கி நிற்கிறது. பரிணாமம் குளிரை நோக்கிப் பல வழிகள் கண்டது. வெப்பத்தை நோக்கிச் சிலவே.

தப்ப வழி மேலே ஏறுவது. அதுவும் மலை முடியும்வரைதான். பெருவின் பாண்டியாகோல்லா மலைமுகட்டில் 1985இல் எடுத்த பறவைக் கணக்கெடுப்பை 2017இல் பெஞ்சமின் ஃப்ரீமன் குழு திரும்பச் செய்தது. காடு வெட்டப்படவில்லை, பெரும்பாலான இனங்கள் மேல்நோக்கி நகர்ந்திருந்தன, முகட்டில் மட்டும் வாழ்ந்த இனங்கள் பல காணாமற்போயிருந்தன. அவற்றுக்கு மேலே இடம் இல்லை.

உடலால் முடியும் என்பதும் அங்கே இருக்கிறது என்பதும்

இவ்வளவையும் சொல்லிவிட்டு, உடலியங்கியலே எல்லாம் என்று முடித்தால் அது பிழை. ஜோசப் கானல் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவுப் பாறைகளில் கொட்டலசுகளை ஆராய்ந்து 1961இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக நிற்கிறது. பாறையின் மேல்மட்டத்தில் ஒரு சிற்றினம், கீழ்மட்டத்தில் இன்னொரு பெரிய இனம். பெரிய இனம் மேலே போகாததற்குக் காரணம் உடல்: அலை வற்றிய நேரத்தின் உலர்வை அது தாங்காது. சிற்றினம் கீழே வராததற்குக் காரணம் உடல் அல்ல. பெரிய இனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அது கீழேயும் நன்றாகவே வளர்ந்தது. பக்கத்தில் பெரியது இருந்தால் சிறியதை நெம்பியும் மூடியும் கொன்றுவிடுகிறது. உடலால் முடியும் இடம் பெரிது, வாழக் கிடைத்த இடம் சிறிது. ஈவ்லின் ஹட்சின்சன் 1957இல் கோட்பாடாக வகுத்த இந்த வேறுபாட்டைக் கானல் பாறையில் கண்ணால் பார்க்கும்படி செய்தார்.

இன்று ஓர் இனம் காணப்படும் இடங்களின் தட்பவெப்பத்தைக் குறித்துக்கொண்டு, எதிர்காலத்தில் அதே தட்பவெப்பம் எங்கே அமையும் என்று கணினியில் தேடும் முறை பரவலாகப் பயன்படுகிறது. செலவு குறைவு, விரைவு அதிகம். ஆனால் ஓர் இனம் ஓரிடத்தில் இல்லாததற்குக் காரணம் உடலால் முடியாததா, போட்டியாளன் விடாததா, அங்கே போய்ச் சேர வழியில்லாததா என்பதை அந்த முறையால் பிரித்தறிய முடியாது. காரணம் தெரியாமல் செய்யும் கணிப்பு, காரணங்கள் மாறும்போது பொய்த்துவிடும். அப்படிக் காரணம் மாறிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது.

நீலகிரியில் உறைபனி

நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் கத்தரித்து வைத்தாற்போல அடுத்தடுத்து நிற்கின்றன. மழைக்குக் குறைவில்லை. பிறகு ஏன் மரங்கள் புல்வெளிக்குள் புகவில்லை? காட்டை எரித்தும் வெட்டியும் மனிதர் உண்டாக்கியதே புல்வெளி என்று பலர் நம்பினார்கள். ஆர். சுகுமார் முதலானோர் நீலகிரிச் சதுப்புகளின் கரிமப் படிவுகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு, அங்கே புல்லும் காடும் பருவநிலைக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் 20,000 ஆண்டுகள் கடந்திருப்பதைக் காட்டியது. புல்வெளி பழையது.

அதைக் காப்பது எது என்ற கேள்விக்கு அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020இல் தந்த விடை, ஷ்ரீவின் கள்ளிக் கதையோடு இணைத்துப் படிக்க வேண்டியது. நீலகிரியில் நீர்ப்பனிக் காலம் முடிந்து உறைபனி இறங்கும் குளிர்காலத்தில், தெளிந்த வானத்தின் கீழ்த் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை இரவோடு இரவாக இழக்கிறது. தேயிலைக் கொழுந்து கருகும் அந்த இரவுகளில் புல்வெளியில் முளைத்த சோலைமரக் கன்றும் கருகுகிறது. சோலைக்குள் முளைத்தது மேற்கவிகையின் காப்பில் பிழைக்கிறது. காடு காடாகவும் புல்வெளி புல்வெளியாகவும் நீடிக்க உறைபனி காவல் நிற்கிறது.

இந்தக் காவலை மீறக்கூடிய ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது: சீகை மரம். உறைபனியில் சோலைக் கன்றுகள் மடியும் இடத்தில் சீகைக் கன்றுகள் தாக்குப்பிடிப்பதை அதே ஆய்வு காட்டியது. சீகை நீலகிரியில் இத்தனை காலம் இல்லாமலிருந்தது உடலால் முடியாததால் அல்ல. கடல் கடக்க வழியில்லாததால். கப்பல் அந்தத் தடையை நீக்கியது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் பறிபோயிருக்கிறது. வரையாடு மேய்வதும் நீலகிரி நெட்டைக்காலி கூடுகட்டுவதும் அந்தப் புல்வெளியில்தான்.

இப்போது சூடேற்றம் இரண்டாவது பூட்டைத் திறக்கிறது. குளிர்கால இரவுகள் கொஞ்சம் இதமானால் உறைபனி குறையும்; உறைபனி குறைந்தால் மரங்கள் புல்லை எளிதாக வெல்லும். இங்கே ஆபத்து சுட்டெரிக்கும் நண்பகலில் வரவில்லை. நமக்கு இதமாகத் தோன்றும் ஜனவரி இரவில் வருகிறது. ஆண்டுச் சராசரி அரை டிகிரி கூடியது என்ற செய்தியில் இது தெரியாது.

அதனால்தான் என்ன அளக்கிறோம் என்பது என்ன காக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. புல்வெளித் தரையில் இரவின் அடிமட்ட வெப்பம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை உறைபனி இரவுகள், சோலை ஓரத்தில் எவ்வளவு ஈரம் என்ற எளிய அளவீடுகள் நெடுங்காலத்துக்கு வேண்டும். உள்ளூர் இனங்களின் வெப்பத் தாங்குதிறன், நீர்ச்செலவு, அதிலும் கன்று, முட்டை, குஞ்சுப் பருவத்தினுடையவை, ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட வேண்டும். இத்தகைய அளவீடுகள் உலகில் பெரும்பாலும் மிதவெப்ப நாட்டு உயிர்களைப் பற்றியே குவிந்திருக்கின்றன. இடைவெளி மிகக் குறுகிய வெப்பமண்டல உயிர்களைப் பற்றியவை குறைவு.

பாதுகாப்பு நடவடிக்கையும் இதற்கேற்ப மாற வேண்டும். உலகின் வெப்பநிலையை ஒரு வனச்சரகர் குறைக்க முடியாது. ஆனால் ஓர் உயிரின் உடலை எட்டும் வெப்பத்தை மாற்றும் பொருள்கள் அவர் ஆளுகையில் இருக்கின்றன: நிழல் தரும் மரம், வற்றாத சுனை, கலைக்கப்படாத வளை, அடிவாரத்திலிருந்து உச்சிவரை அறுபடாத காடு. நீலகிரியில் அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே மரம் நடுவது பாதுகாப்பு ஆகாது. உறைபனியின் வேலையில் ஒரு பகுதியை, சீகைக் கன்றைப் பிடுங்கும் மனிதக் கைகள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கே மரம் நட வேண்டும், எங்கே பிடுங்க வேண்டும் என்பதைச் சராசரி சொல்லாது. அங்கு வாழும் உடல்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.